பிடிப்பவன் பெருமை

சடுகுடு ஆட்டத்தில் பாடிச் செல்பவனுக்குக் கைதட்டல். பிடிப்பவனுக்கோ முழங்காலில் சிராய்ப்பு! பிசான அறுப்பு முடிந்த வயலில் கோடு கிழித்து ஆடும் எங்கள் அச்சன்புதூரில், சிறு வயது முதல் நான் கண்டுவரும் உண்மை இது.

என் அண்ணன் பிடிப்பவர். பகலில் கொத்தனார் வேலை. மாலையில் களத்தின் மூலையில் காவல். சென்ற ஆண்டு அவருக்கு முப்பது வயது நிறைந்தது. "பிள்ளை பெத்தவனுக்கு இனி எதுக்குடே இந்த ஆட்டம்?" என்று ஊரார் கேட்கத் தொடங்கினர். அண்ணன் மறுமொழி கூறவில்லை. ஆனால் களத்திற்கு வருவது குறைந்தது.

அவருக்காக நான் தேடிக் கண்ட மறுமொழிதான் தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டத்தில் 1975-இல் பிறந்த இவரும் பிடிப்பவரே. 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது இவருக்கு வயது 39. மற்ற வீரர்கள் இவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை ஏற்று, இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என வென்று கோப்பையை ஏந்தினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை வென்று உலகக் கோப்பை பெற்ற இந்திய அணியிலும் இடம் பெற்றிருந்தார். 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணித் தலைவரானபோது வயது 44!

இது எவ்வாறு இயன்றது? பாடி வருபவனுக்கு உள்ள நேரம் 30 விநாடிதான். எதிரே நிற்பவர் எழுவர். அவர்களில் ஒருவன் பொறுமையிழந்து முன்கூட்டியே பாய்ந்தால் கைச்சங்கிலி அறுந்துவிடும். வருபவனின் காலைப் பார்த்து, அவன் திரும்பும் கணத்தை அறிந்து பிடிக்க வேண்டும். அந்த அறிவு ஆடி ஆடித்தான் வரும். ஆகவே இங்கே வயது சுமையன்று; முதலீடு.

பிடிப்பவனை உலகம் மறப்பது நம் நாட்டில் மட்டுமன்று. அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை முதன்முதலில் ஒரு தடுப்பாட்டக்காரர் பெற்றது 1971-இல். அவர் ஆலன் பேஜ். பின்னாளில் அவர் சட்டம் பயின்று மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கினார்.

என் அண்ணன் எந்தக் கோப்பையும் பெற்றவரல்லர். தந்தை மறைந்த ஆண்டு, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கரண்டியைக் கையில் எடுத்தார். சரிய இருந்த குடும்பத்தைப் பிடித்து நிறுத்தினார். இன்று நான் இக்கல்லூரியில் அமர்ந்து எழுதுகிறேன் என்றால், அது அந்தப் பிடியின் வலிமை.

சேரலாதனின் கதையைச் சொன்னேன். "நாப்பத்தொரு வயசிலயா?" என்று கேட்டார். மறுநாள் மாலை முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு களத்திற்குப் புறப்பட்டார்.

நண்பர்களே, இனி ஆட்டம் பார்க்கும்போது, பாடி வருபவனோடு மூலையில் நிற்பவனையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும்.