விடுபட்ட இரு சொற்கள்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் இருக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரத்திற்குள் செபமாலையின் எத்தனை தேவ இரகசியங்கள் முடியும் என்பதைத் தீவுப் பங்குகளில் பணியாற்றிய குருக்கள் அனைவரும் அறிவர். குருப்பட்டம் பெற்ற புதிதில் நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், வெளிகளில் தம்போக்கில் மேயும் குதிரைகள், இடிந்துபோன பழைய கோட்டை, மாலையானதும் தொலைவில் இரையும் மின்பிறப்பாக்கி ஆகியவை இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை.

நெடுந்தீவுக்கு உலகப் படங்களில் இன்னொரு பெயர் உண்டு. ஒல்லாந்தர் அதற்குத் தம் தாயகத்து நகரமொன்றின் பெயரைச் சூட்டி 'டெல்ஃப்ற்' என்றழைத்தனர். நயினாதீவை 'ஹார்லெம்' என்றனர். அனலைதீவை 'ரொட்டர்டாம்' என்றனர். அப்பெயர்களுள் டெல்ஃப்ற் மட்டுமே இன்றும் வழக்கில் நிற்கிறது. தன் வீட்டுக்கு யாரோ ஒருவர் வேறு பெயர் வைத்துவிட்டுப் போனதைப் பற்றி அத்தீவு மக்கள் பெரிதாகக் கவலைப்பட்டதாக நான் கண்டதில்லை. ஆனால், அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நான் கவலையோடு எண்ணிப் பார்க்க நேர்ந்தது 2022ஆம் ஆண்டின் பரிசுத்த வாரத்தில்.

அவ்வாண்டு நாடு பட்ட பாடு வாசகர் அறிந்ததே. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. மண்ணெண்ணெய் இன்றிக் கரையேறிக் கிடந்த வள்ளங்கள். பங்குத்தந்தைக்கு உதவியாக நான் சில நாட்கள் நெடுந்தீவில் தங்கியிருந்தேன். பெரிய வியாழன் வழிபாடு முடிந்த இரவில், முன்னொரு காலத்தில் ஆலயப் பணியாளராக இருந்த முதியவர் ஒருவர் என்னோடு விறாந்தையில் அமர்ந்திருந்தார். பேச்சு, அப்போது எல்லோர் வாயிலும் அடிபட்ட மின்திட்டத்தைப் பற்றித் திரும்பியது.

அந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் பெறும் திட்டமொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவோடு வகுக்கப்பட்டது. 2021 சனவரியில் இலங்கை அமைச்சரவை அதனைச் சீனக் கம்பனி ஒன்றுக்கு வழங்கியது. இத்தீவுகள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. இந்தியா தன் கவலையைத் தெரிவித்தது; கடனுக்குப் பதிலாக அதே திட்டத்தைத் தன் நன்கொடையில் செய்து தருவதாகவும் கூறியது. 2021 திசெம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலைகளின் காரணமாகத் திட்டம் நிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2024 மார்ச்சில் இந்தியக் கம்பனி ஒன்றுக்கு வேலை ஒப்பந்தமும் வழங்கப்பட்டது.

சில ஆயிரம் மக்கள் வாழும் தீவுகளுக்கு விளக்கேற்றும் வேலை இரு பெரு நாடுகளுக்கும் இலாபம் தரும் வணிகமன்று என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். அங்கே பொருட்டாக இருந்தது மின்சாரமன்று, இடம். தன் வாசலருகே மற்றவன் கால் வைக்கக் கூடாது என்பது ஒருவரின் அச்சம். எங்கே ஒரு கால் வைக்க இடம் கிடைக்கும் என்பது மற்றவரின் நாட்டம்.

உண்மையைச் சொன்னால், இந்தியா வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. மொழியாலும் வழிபாட்டாலும் உறவாலும் நமக்கு அண்மையில் இருப்பவர்கள் என்று அம்முதியவரிடம் விரிவாக விளக்கினேன். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீனக் கம்பனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதையும் எடுத்துக் காட்டினேன். பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்த அவர், இறுதியில் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்:

"எல்லாம் சரி சுவாமி. ஆனா, ஆர் வாறது நல்லது எண்டு எங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே!"

அவர் குரலில் சினம் இல்லை. காற்றின் திசையைச் சொல்வது போலச் சொன்னார். அந்தப் பதில் என்னை ஒரு பழைய ஒப்பந்தத்தை நோக்கி இழுத்துச் சென்றது.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் கரையோரம் போர்த்துக்கேயர் கையில் இருந்தது. கறுவாவும் யானையும் பாக்கும் முத்தும் அவர்களுடைய கப்பல்களிலேயே ஏறின. கண்டியை ஆண்ட இரண்டாம் இராஜசிங்கன், அவர்களை விரட்ட வேறொரு கடல் வல்லரசைத் துணைக்கழைக்க எண்ணினான். 1636இல் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்கு மடல் அனுப்பினான். 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை மன்னன் தானே முறியடித்தான். மே மாதத்தில் ஒல்லாந்தரின் கப்பற்படை மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது. சில நாட்களில் அங்கேயே ஒப்பந்தம் எழுதப்பட்டது. போர்ச் செலவைக் கறுவாவாலும் பிற விளைபொருளாலும் தீர்ப்பதாக மன்னன் ஒப்புக்கொண்டான். பிடிபடும் கோட்டைகளில் யார் படை நிற்பது? மன்னனுக்குக் கிடைத்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், 'மன்னர் விரும்பினால்' ஒல்லாந்தப் படை நிற்கும் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை.

தமிழில் எழுதினால் இரண்டே சொற்கள். அவை விடுபட்டதன் விளைவை ஒரு நாடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அனுபவித்தது. கறுவா விளையாத மட்டக்களப்பையும் திருகோணமலையையும் ஒல்லாந்தர் மன்னனிடம் விட்டுக்கொடுத்தனர். கறுவா நிலத்துக்கு வாசலான காலியையும் நீர்கொழும்பையும் தம்மிடமே வைத்துக்கொண்டனர். மன்னன் தரவேண்டிய போர்ச் செலவு தீரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். கணக்கை எழுதியவர்களும் அவர்களே. எனவே அது தீரவே இல்லை. 1656 மே மாதத்தில் கொழும்புக் கோட்டை வீழ்ந்தபோது, முற்றுகையில் துணைநின்ற மன்னனின் படையை அவர்கள் உள்ளே விடவில்லை. அவன் சுற்றுப்புறங்களை எரித்துவிட்டு மலைநாட்டுக்குத் திரும்பினான். 1658இல் மன்னாரும் அதன்பின் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போல' என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்லும் பழமொழி அந்த மன்னனின் அனுபவத்தில் பிறந்ததென்பர்.

இன்றைய நிலையை அன்றைய நிலையோடு அப்படியே பொருத்துவது நேர்மையாகாது. அம்பாந்தோட்டையில் படையெடுப்பு எதுவும் நடக்கவில்லை. குத்தகையால் வந்த 112 கோடி டொலர் துறைமுகக் கடனை அடைக்கச் செல்லவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்கே சென்றது. நாட்டின் கடன்சுமையில் பெரும் பங்கு மேலைநாட்டுச் சந்தைகளில் விற்ற பிணைமுறிகளால் வந்தது. முடிவெடுத்தவர்களும் நம்மவர்களே. இந்தியாவும் 2022இல் ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியோடு நாட்டைத் தாங்கிப் பிடித்தது. அதை மறப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் ஒன்று மட்டும் மாறவில்லை. உடன்படிக்கைகளை எழுதும்போது, எவருடைய மண்ணைப் பற்றி எழுதுகிறோமோ அவர் 'விரும்பினால்' என்ற சொல்லே முதலில் விடுபடுகிறது.

இதுவரை எழுதியதில் நான் பிறரைப் பற்றியே பேசியிருக்கிறேன். ஒரு குருவின் ஆய்வு அங்கே நின்றுவிட முடியாது. நமது விசுவாசமும் இந்தப் போட்டியின் கப்பல் ஒன்றில் வந்ததுதான். 1544இல் மன்னாரில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் வாளுக்கு இரையான ஏறத்தாழ 600 பேரை நாம் மறைசாட்சிகளாகப் போற்றுகிறோம், போற்றுவது தகும். ஆனால், அம்மன்னன் திருமுழுக்கின் பின்னால் போர்த்துக்கேயக் கொடியைக் கண்டான் என்பதையும் மறைக்கலாகாது. அவன் அஞ்சியது பொய்க்கவுமில்லை. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1619இல் யாழ்ப்பாண அரசையே விழுங்கினர். அதன்பின் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிக்கப்பட்டது. ஊர் ஊராகத் திருமுழுக்கு நடைபெற்றது. 'நீர் விரும்பினால்' என்ற சொல் அங்கே எத்தனை முறை கேட்டிருக்கும்?

கொடி மாறியபோது அதன் விடை ஓரளவு தெரிந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென்று ஒல்லாந்தர் அறிவித்தனர். அவர்களுடைய திருமுழுக்கும் திருமணப் பதிவும் உத்தியோகத்துக்கும் உரிமைக்கும் வாயிலாயின. பலர் அப்பக்கம் சாய்ந்தனர். அவர்களும் பிற்பாடு, 1796இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும், ஆயிரக்கணக்கில் அந்தப் பதிவேடுகளை விட்டு வெளியேறினர். கேட்காமல் கொடுத்ததை மக்கள் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தனர்.

அப்படியானால் எது நிலைத்தது? 1687இல் கோவாவைச் சேர்ந்த குரு ஒருவர் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல்கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் கப்பற்படை இல்லை. அவரைக் காக்க ஆளுநர் இல்லை. கழுத்தில் செபமாலை தொங்க வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய கண் கலங்குகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டார். கதவைத் திறப்பதும் மூடுவதும் வீட்டாரின் விருப்பமாக இருந்தது. சில்லாலை மக்கள் திறந்தனர். தம் உயிரைப் பணயம் வைத்தே திறந்தனர். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றனென்று சிறையிடப்பட்டார். வல்லரசுகளின் போட்டி அவரையும் விடவில்லை. ஆனால், அவர் யாருக்கும் ஒற்றராக வரவில்லை என்பதை அம்மன்னன் காலப்போக்கில் கண்டுகொண்டான். 1697இல் அம்மை நோய் பரவியபோது நோயாளரைத் தொட்டுத் தூக்கிய கைகள் அதற்குச் சான்றாயின. அவரே புனித யோசப் வாஸ் அடிகளார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அக்கூட்டத்தில் நின்றவர்களுள் நானும் ஒருவன். இன்று இந்நாட்டில் திருச்சபை உயிரோடிருப்பது எந்தக் கோட்டையாலும் அன்று. திறக்கப்பட்ட அத்தகைய கதவுகளால்தான்.

அந்தப் பெரிய வியாழன் இரவுக்குத் திரும்புகிறேன். முதியவரின் பதிலைக் கேட்டு நான் அமைதியானபோது, அவர் சற்றுத் தயங்கி, இளநகையோடு இன்னொன்றையும் நினைவூட்டினார்.

"சுவாமி அப்ப கட்டின மண்டபத்தைப் பாத்தனீங்களோ?"

பார்த்திருந்தேன். நான் அங்கே பணியாற்றிய காலத்தில், வெளிநாட்டு உபகாரி ஒருவரின் நிதியால் கட்டிய மண்டபம் அது. அடிக்கல் நாட்டியபோது எனக்கிருந்த பெருமிதம் கொஞ்சமன்று. அத்தீவின் கிணறுகள் பலவற்றில் உவர்நீர். நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் குடங்களோடு நெடுந்தூரம் நடப்பதை நாள்தோறும் கண்டேன். ஆயினும் உபகாரிக்கு மண்டபம் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. தண்ணீர்த் தொட்டி கட்டுவோமா, மண்டபம் கட்டுவோமா என்று பங்கு மக்களைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் நன்மைக்குத்தானே என்று எண்ணினேன். இப்போது அதன் கதவில் பூட்டுத் துருவேறிக் கிடந்தது.

ஒல்லாந்தர் விட்ட அதே இரு சொற்களை நானும் என் சிறிய ஒப்பந்தத்தில் விட்டிருந்தேன். மறுநாள் சிலுவைப்பாதை நிலைகளில் மக்களோடு நடந்தபோது அந்த நினைவு என்னை விட்டகலவில்லை.

எருசலேமில், பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கிடந்த நோயாளியை ஆண்டவர் கண்டார். அவனுக்கு என்ன தேவை என்பது பார்த்த எவருக்கும் தெரியும். மனிதரின் உள்ளத்தை அறிந்த அவருக்குத் தெரியாதா? ஆயினும், நலமடைய விருப்பமா என்று அவனைக் கேட்ட பிறகே குணப்படுத்தினார். குருமடத்தில் இப்பகுதிக்கு நாங்கள் படித்த விளக்கங்கள் பல. அவையெல்லாம் விளக்காத ஒன்றை நெடுந்தீவு முதியவர் எனக்கு விளக்கினார். எல்லாம் வல்லவரே கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார், வல்லரசுகள் கேட்பதில்லை. யாருடைய வழியில் நாம் நடக்கிறோம் என்பதை அறிய இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பெரு நாடுகள் இன்னும் நம் கடலுக்கு வரும். துறைமுகங்களையும் தீவுகளையும் பற்றிக் கொழும்பிலும் பிற தலைநகரங்களிலும் உடன்படிக்கைகள் எழுதப்படும். அவற்றைத் தடுக்கும் வலிமை ஒரு பங்குக்கு இல்லை. ஆனால் கேட்கச் சொல்லும் குரல் நமக்கு உண்டு: அந்தக் கரையில் வாழ்பவரைக் கேட்டீர்களா என்று. பிறரிடம் அதைக் கேட்குமுன் நம் பங்குச் சபைகளிலும், நம் இல்லங்களிலும், பிள்ளைகளின் படிப்பையும் திருமணத்தையும் பற்றிப் பேசும் திண்ணைகளிலும் அதைக் கேட்டுப் பழகுவோம். அவ்வாறு பழகாத நாவு, வல்லரசுகளை நோக்கிக் கேட்கும்போது தடுமாறும்.

அந்த மண்டபத்தைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். ஊர் திரும்புமுன், பங்குத்தந்தையின் அனுமதியோடு உயிர்ப்பு ஞாயிறு திருப்பலிக்குப் பின் மக்களிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அதை என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. கேட்கப்பட்டுப் பழகாதவர்கள் பேசத் தொடங்க நேரம் எடுக்கும். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார்.

"சுவாமி, அதின்ரை கூரைத் தண்ணியைப் பிடிச்சுத் தொட்டியிலை விடலாமோ?" என்று கேட்டார்.