ஹோட்டன் சமவெளிக்கு எந்தச் சட்டி?



லீவுக்கு ஹோட்டன் சமவெளியில் கேம்ப் போடப் போறீங்களா? சட்டியைச் சுமக்கப்போவது நம்ம பிள்ளைகளின் தோள்தான். ஒரே அளவு, ஒரே தடிப்பு என்றால், அலுமினியச் சட்டி சில்வர் சட்டியின் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். அதனால் நாங்கள் கொண்டுபோவது மூடியுள்ள ஒரு அலுமினியச் சட்டி. கோப்பைகள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். புளி, தேசிக்காய் சேர்த்த கறியை மட்டும் அதில் ஆக்க வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

2,000 மீற்றருக்கு மேலே தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதிக்கும். சோறு வேக நேரமும் கேஸும் கூடுதலாகப் போகும். குளிரில் பிள்ளைகளைப் பசியோடு காக்க வைக்காதீங்க. மூடி போட்டே ஆக்குங்க. முதல் நேரச் சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்க.