இரவில் பைக் ஓடுற தம்பிமாருக்கு

இரவில் சல்லி ஊருக்குத் திரும்பும்போது சாம்பல்தீவுப் பக்கம் ரோட்டில் மாடு படுத்திருக்கும். கறுப்பு மாடென்றால் கிட்டப் போகும்வரை தெரியாது. நல்ல வெளிச்சம் கட்டாயம் வேணும்.

ஆனால் புது பல்ப் வாங்கக் கடைக்குப் போக முதல், செலவில்லாத வேலைகளைச் செய்யுங்கோ. ஹெட்லைட் கண்ணாடியில் படிஞ்ச உப்பையும் தூசியையும் துடையுங்கோ. பல்ப் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கோ. கடல் காற்றில் பச்சை பிடிச்ச முனைகளைச் சுத்தம் செய்தாலே வெளிச்சம் கூடும். பிறகு சுவருக்கு நேரே பைக்கை நிறுத்தி, ஏறி இருந்து, டிம் லைட்டைப் போடுங்கோ. வெளிச்சத்தின்ர மேல் விளிம்பு ஹெட்லைட்டின் உயரத்தைவிடக் கொஞ்சம் கீழே விழவேணும்.

பல்ப் மாத்துறதென்றால் அதே வாட்ஸ்தான். சின்ன பைக்குகள் பலதில் 12 வோல்ட், 35/35 வாட்ஸ். 100 வாட்ஸ் போட்டால் சூட்டில் ஹோல்டர் உருகும். ஹலோஜனுக்கென்று செய்த ஹெட்லைட்டில் மலிவு எல்இடி பல்ப் போட்டால் வெளிச்சம் சிதறி, எதிரே சைக்கிளில் வாறவரின் கண்ணைக் கூசப்பண்ணும்.

மிச்சக் காசுக்குப் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கோ. எதிரே ஆள் வந்தால் டிம் பண்ணுங்கோ. ரோடு அவருக்கும் தெரியவேணும்.