வழைச்சு

இக்கட்டுரையை இருவர் சார்பாகவும் எழுதுகிறோம். எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் அவர் மனைவி, வேறொரு கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவர். எழுதுகிற கை தமிழாசிரியருடையது. ஆனால் இதில் வரும் துயரம் வேதியியலாசிரியரின் பிறந்த வீட்டைச் சேர்ந்தது. ஆகவே அவர் படித்து ஒப்பாத வரி எதுவும் இதில் இல்லை.

2019 மே விடுமுறையில், பிரஸ்ஸல்ஸ் நகரில் பணிபுரியும் மைத்துனரிடம் சென்றிருந்தோம். எங்கள் வீட்டுக்குள் மதுப்புட்டி நுழைந்ததில்லை. அதைக் கொள்கை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது அச்சம். மாமனார் குடித்தார். கள்ளுக்கடை இருந்தவரை கள். 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்ட பிறகு எது கிடைத்ததோ அது. ஐம்பது வயதை அவர் காணவில்லை. அப்போது மகளுக்குப் பதினாறு, மகனுக்கு ஏழு. இட்லி மாவு சற்று அதிகமாகப் புளித்துவிட்டால் மாமியார் இன்றும் பேசாமல் எடுத்துப்போய்க் கொட்டிவிடுவார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் நாள் மாலை மைத்துனர் எங்களை ஒரு மதுவிடுதிக்கு அழைத்துச்சென்றார். “மாமா, இங்க பீரு நம்ம ஊறுகா மாதிரி. ஊருக்கு ஒரு பக்குவம். ஒரு வாய் வச்சுப் பாருங்க, பிடிக்கலன்னா விட்ருங்க” என்றார். அக்காவின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. நெடுநேரம் கழித்து, “கொண்டாரச் சொல்லு” என்றவர் அக்காதான்.

முதலில் வந்தது கோதுமை சேர்த்த வெள்ளை பீர். ஏறக்குறைய மறைந்தே போயிருந்த இந்த வகையை, ஹூகார்டன் என்னும் சிற்றூரில் பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966இல் மீட்டெடுத்தார். கலங்கலாக, வடித்த கஞ்சியின் மேல்தெளிவு போல இருந்தது. தமிழாசிரியர் கோப்பையை விளக்கொளியில் தூக்கிப்பிடித்துச் சொல் தேடிக்கொண்டிருக்கையில் வேதியியலாசிரியர் ஒரு மிடறு பருகிவிட்டு, “மல்லி” என்றார். ஆம், கொத்தமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் அதில் இடப்படுகின்றன. அடுத்தது துறவிமடங்களின் மரபில் வந்த கரும்பழுப்பு நிற ‘டப்பெல்’. கருப்பட்டி முற்றும்போது எழும் மணமும் பேரீச்சையின் கனமும். பிறகு பொன்னிறமான ‘ட்ரிப்பெல்’. வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகள் 1956இல் இப்பெயரை வழங்கினர். அதில் நூற்றுக்கு ஒன்பதரைப் பங்கு ஆல்கஹால் என்பது நாக்குக்குத் தெரியாது, மறுநாள் தலைக்குத் தெரியும். அதில் மெல்லிய வாழைப்பழ வாசம் வந்தது. “ஐசோஅமைல் அசிடேட். ஈஸ்ட் உண்டாக்குவது. ஆய்வகத்தில் வருடாவருடம் செய்யவைக்கிறேனே” என்றார் வேதியியலாசிரியர்.

ஒவ்வொரு மிடறுக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது: அடுக்களையிலிருந்தோ ஆய்வகத்திலிருந்தோ. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவரிடம் ‘கசப்பு’, ‘நல்ல கசப்பு’ என்பவற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. இது எங்களைச் சற்று வெட்கப்படவைத்தது. ஆங்கிலத்தில் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், 2007இல் மறைந்த பீர் எழுத்தாளர்) 1977இல் எழுதிய நூலில்தான் உலகத்து பீர்களை வகைபிரித்துப் பேசும் வழக்கம் உருப்பெற்றது என்பார்கள். நம்மிடம் வகைபிரிக்கும் பழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. தெளிந்தது தேறல், அரித்தது அரியல், பிழிந்தது பிழி, நெல்லில் விளைந்தது தோப்பி. செய்முறையே பெயராக நின்ற காலம் அது. இன்று எஞ்சியிருப்பவை ‘சரக்கு’, ‘தண்ணி’. ஒன்று வணிகரின் சொல், மற்றது ஒளித்துப் பேசுபவரின் சொல். நாவின் சொல் ஒன்றுகூட இல்லை. நாவுக்காகக் குடிப்பவர் இல்லாத ஊரில் அது இருக்கவும் வேண்டியதில்லைதானே என்றும் தோன்றியது.

மறுநாள் ஆண்டர்லெக்ட் பகுதியிலுள்ள கான்டில்லான் வடிப்பாலைக்குச் சென்றோம். 1900இல் தொடங்கிய குடும்பத் தொழில். 1978 முதல் அதுவே அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. அங்கே செய்வது ‘லாம்பிக்’. முளைகட்டிய வாற்கோதுமையோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முளைக்காத கோதுமை, கசப்பு போகும்வரை ஆண்டுக்கணக்கில் பழகவைத்த ஹாப் பூ. இவற்றைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் ஈஸ்ட் என எதையும் சேர்ப்பதில்லை. பரணில் அகன்ற, ஆழமற்ற செம்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. சாற்றை அதில் ஓரிரவு ஆறவிடுகிறார்கள். காற்றில் திரியும் நுண்ணுயிர்கள் வந்து விழுந்து வேலையைத் தொடங்கிவிடும். குளிர்மாதங்களில் மட்டுமே வடிப்பு என்பதால் நாங்கள் பார்த்தபோது தொட்டி வெறுமையாக இருந்தது. பீப்பாய்களின் இடையே ஒட்டடை. பழ ஈக்களைத் தின்னும் என்பதற்காகச் சிலந்திகளைக் கலைப்பதில்லையாம்.

அந்தத் தொட்டியருகே தமிழாசிரியருக்குப் பேச்சு வந்துவிட்டது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் மது சமைக்கும் இடம் ஒன்றுண்டு. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவிட்டு, நெல்முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முற்றவைத்துப் பிழிவது. பாடம் நடத்தும் ஆண்டுகளிலெல்லாம் பிழா என்பதை ‘ஒரு பாத்திரம்’ என்று கடந்துவிடுவார். வாய் ஏன் அகலமாக இருக்கவேண்டும் என்பதை அந்தப் பரணில்தான் கண்டார். உற்சாகமாக இதையெல்லாம் சொல்லிக்கொண்டே திரும்பியபோது மனைவி பின்னால் இல்லை.

அவர் பீப்பாய்க் கூடத்தில் நின்றுவிட்டிருந்தார். அங்கே அந்த வாடை இருந்தது: புளிப்பு, ஈர மரம், பழைய கோணிச்சாக்கு.

“அப்பா சட்டை” என்றார்.

மைத்துனர், “எனக்கு ஞாபகமே இல்லக்கா” என்றார்.

“உனக்கு எப்படி இருக்கும்? நீ பார்த்தது பிராந்தி வாடை. இது அதுக்கு முந்தி. என்னைத் தோள்ல தூக்கிட்டு வருவாரே, அப்போ.” சற்றுப் பொறுத்து அவரே சேர்த்துக்கொண்டார்: “அப்பவும் அம்மா அழுதுட்டுதான் இருந்தா.”

கள்ளும் யாரும் ஈஸ்ட் சேர்க்காமல் தானே நொதிப்பதுதான். ஆகவே வாடை ஒத்திருப்பதில் வியப்பில்லை என்று பின்னர் விளக்கினார். விளக்கும்போது குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது. நாங்கள் குறுக்கிடவில்லை.

சுற்றிப்பார்த்து முடித்ததும் குவளையில் இளம் லாம்பிக் கொடுத்தார்கள். நுரையில்லை, குமிழியில்லை. பச்சை மாங்காயை வெட்டிய கத்தியை நக்கியது போலிருந்தது. தமிழாசிரியரிடம் அப்போது ஒரு சொல் இருந்தது: வழைச்சு. அதே பெரும்பாணாற்றுப்படைப் பகுதியில் வருவது. உரைகாரர் ‘இளமை’ என்று பொருள் எழுதுவர். முற்றாத மதுவின் பச்சைத்தன்மை. வழைச்சு அறும்வரை சாடியில் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அடுத்து ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் மீண்டும் நொதிக்கவைத்த ‘கோஸ்’ வந்தது. புளிப்பு அங்கேயேதான் இருந்தது, ஆனால் குத்தவில்லை. எலுமிச்சைத் தோல், நெல்லிக்காய் தின்றபின் குடித்த தண்ணீர், அடியில் மழைக்கால மாட்டுத் தொழுவம். ஆங்கிலச் சுவைஞர்கள் இந்த வாசத்தைக் குதிரைமேல் போர்த்தும் கம்பளி என்பார்களாம். தொழுவம் என்றவர் வேதியியலாசிரியர். எங்களுக்கு அதுவே துல்லியம். செர்ரி ஊறிய சிவப்பு வகையையும் பருகினோம். அழகு; அவ்வளவுதான்.

அவர் கோஸ் குவளையில் பாதி வைத்துவிட்டார். பிடிக்கவில்லையா என்று மைத்துனர் கேட்டதற்கு, “பிடிச்சிருக்கு, அதான்” என்றார். மீதியை யாரும் எடுக்கவில்லை.

இரவு மாமியார் தொலைபேசியில் அழைத்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டார்.

“மியூசியம் போனோம்மா.”

“என்ன வச்சிருந்தாங்க?”

“பெரிய செம்புப் பாத்திரம்மா. சுத்தமாத் தேச்சு வச்சிருந்தாங்க.”

“புளி போட்டுத் தேச்சிருப்பாங்க” என்றார் மாமியார்.