ஜாமீன் கையெழுத்து

கொஞ்சம் வில்லங்கமான ஆசாமியைப் பற்றிப் பேசும்போது 'அவன் பெரிய எம்டன்பா' என்போம். எம்டன் என்பது ஒரு கப்பல் என்று சொல்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி மெட்ராஸ் கடற்கரைக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல். விடிந்ததும் ஏராளமான பேர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள்.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஜெர்மனிக்கும் மெட்ராஸுக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா? ஒன்றும் கிடையாது. மூன்று மாதம் முன்பு, 1914 ஜூன் 28ஆம் தேதி, போஸ்னியாவில் சரயேவோ என்ற ஊரில், காவ்ரிலோ பிரின்சிப் என்கிற 19 வயதுப் பையன் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் சுட்டுக் கொன்றான். சுட்டவன் செர்பிய இனத்தவன். செத்தவர் ஆஸ்திரியர். நியாயமாகப் பார்த்தால் இது ஆஸ்திரியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவிலான பஞ்சாயத்து. அது எப்படிக் கடல் கடந்து நம் ஊர் எண்ணெய் டாங்குக்கு வந்து சேர்ந்தது?

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 'முதல் உலகப் போருக்கான காரணங்களை விவரி.' பத்து மார்க் கேள்வி. ராணுவக் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனி ஆசை, தேசிய வெறி, உடனடிக் காரணம் சரயேவோ. ஐந்து தலைப்பும் எழுதி அடிக்கோடு போட்டால் மார்க் நிச்சயம்.

தப்பில்லைதான். ஆனால் ஒரு சந்தேகம். இந்தக் காரணங்களெல்லாம் 1914இல் முளைத்தவை அல்ல. 1905இலும் 1911இலும் மொராக்கோவை முன்வைத்து ஜெர்மனியும் பிரான்ஸும் முறைத்துக்கொண்டன. போர் வரவில்லை. 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது ரஷ்யா பல்லைக் கடித்தது. போர் வரவில்லை. 1912, 1913இல் பால்கன் நாடுகள் இரண்டு ரவுண்டு அடித்துக்கொண்டன. அப்போதும் பெரிய தேசங்கள் களத்தில் இறங்கவில்லை. பின்னே 1914இல் மட்டும் என்ன ஆச்சு?

நான் பி.காம். படித்தவன். எந்த வழக்கையும் முதலில் வரவு செலவுப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதுதான் பழக்கம். யாருக்கு லாபம் என்று பார்த்தால் யார் செய்தது என்பது தெரிந்துவிடும் அல்லவா? அப்படி இந்தப் போரின் கணக்கையும் பார்த்தேன்.

ஊஹும். கணக்கு இடிக்கிறது.

பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று மிகப் பெரிய வாடிக்கையாளர்கள். ஜெர்மனியின் வணிகக் கப்பல்கள் பலவற்றுக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்திருந்ததே லண்டன் லாயிட்ஸ்தான். அதாவது பிரிட்டிஷ் கடற்படை ஒரு ஜெர்மன் கப்பலை மூழ்கடித்தால் நஷ்ட ஈட்டுக் கேள்வி லண்டனிலேயே எழும்! நார்மன் ஏஞ்சல் என்ற பத்திரிகையாளர், போர் என்பது ஜெயித்தவனுக்கும் நஷ்டக் கணக்குதான் என்று போருக்குச் சில வருஷம் முன்பே புத்தகம் எழுதி, அது சக்கைப்போடு போட்டிருந்தது. பாக்தாத் ரயில் பாதை பற்றிய நெடுநாள் தகராறில்கூட 1914 ஜூனில் பிரிட்டனும் ஜெர்மனியும் கிட்டத்தட்ட ஒரு முடிவுக்கு வந்திருந்தன.

போர் நெருங்கியதும் வியாபாரிகள் குதூகலித்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஜூலை 31ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையை இழுத்து மூடினார்கள். மறுநாள் பாங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி விகிதத்தை 10 சதவிகிதத்துக்கு ஏற்றியது. பணம் போரைக் கண்டு நடுங்கியது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? காலனிப் பசியும் முதலாளிகளின் போட்டியும்தான் போரைக் கொண்டுவந்தன என்று லெனின் எழுதினார். பகையை வளர்த்ததில் அதற்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜூலை மாதத்தில் யாரும் காலனிக்காகச் சண்டை போடவில்லை.

அப்படியானால் லாபக் கணக்கு இல்லை. வேறு என்ன கணக்கு?

எனக்கு இதைப் புரியவைத்தது சரித்திரப் புத்தகம் இல்லை, என் சித்தப்பா. அவர் ஒரு நண்பருக்காக வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்து, கொஞ்ச நாள் நன்றாக நடத்தி, பிறகு ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டு காணாமல் போனார். வங்கிக் கடிதம் சித்தப்பா வீட்டுக்கு வந்தது. 'இந்த மனுஷன் அதுல ஒத்த ரூபா தொடலையே' என்று சித்தி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. ஏன் சித்தப்பா கையெழுத்துப் போட்டீங்க என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: 'நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யார்றா வருவா? அவன் ஒருத்தன்தானே.'

கவனியுங்கள். பேராசை இல்லை. பயம். தனியாகிப் போய்விடுவோமோ என்கிற பயம்.

ஐரோப்பாவில் நடந்தது அச்சு அசல் இதுதான். 1871இல் பிரான்ஸைத் தோற்கடித்து அல்சேஸ் லொரைன் பகுதியைப் பிடுங்கிக்கொண்டது ஜெர்மனி. பிரான்ஸ் ஒருநாள் திருப்பி அடிக்கும் என்பது பிஸ்மார்க்குக்குத் தெரியும். அதனால் 1879இல் ஆஸ்திரியாவோடு கையெழுத்து. 1882இல் இத்தாலியும் சேர்ந்துகொண்டது. பிரான்ஸ் சும்மா இருக்குமா? 1894இல் ரஷ்யாவைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டன் நெடுநாள் எந்த வம்பும் வேண்டாம் என்றுதான் ஒதுங்கி இருந்தது. ஆனால் ஜெர்மனி 1898இலிருந்து போர்க்கப்பலாகக் கட்டித் தள்ள ஆரம்பித்ததும் அதற்கு வயிற்றைக் கலக்கியது. 1904இல் பிரான்ஸோடும் 1907இல் ரஷ்யாவோடும் சமரசம் செய்துகொண்டது. 1906இல் டிரெட்நாட் என்ற ராட்சதக் கப்பலைக் கடலில் இறக்கியது. உடனே ஜெர்மனியும் அதே ரகக் கப்பல்களைக் கட்டியது.

ஒவ்வொரு நாடும் தற்காப்பு என்று சொல்லித்தான் செய்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பியது. ஆனால் என் தற்காப்பு உங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தாக்குதலுக்கான ஏற்பாடாகத்தானே தெரியும்?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பிஸ்மார்க் போட்ட கையெழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆஸ்திரியாவை ரஷ்யா தாக்கினால் ஜெர்மனி உதவிக்கு வரும். ஆஸ்திரியா தானே போய் பால்கனில் வம்பிழுத்தால் வராது. மனிதர் அதோடு நிற்கவில்லை. 1887இல் ரஷ்யாவோடும் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டு வைத்தார். அதன் பெயரே ரீ-இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம்! காமர்ஸ் படித்தவர்கள் காலில் விழுந்து கும்பிட வேண்டிய ஆள். 1890இல் பிஸ்மார்க் பதவியிலிருந்து போனார். ரஷ்யா கேட்டும் அந்த பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டது, இரண்டாம் வில்ஹெல்ம் சக்ரவர்த்தியின் அரசு.

ஆக, 1914 ஜூலை 5ஆம் தேதி ஆஸ்திரியத் தூதர் பெர்லினில் வந்து நின்றபோது, ஜெர்மனிக்கு நம்பகமான கூட்டாளி என்று மிச்சம் இருந்தது ஆஸ்திரியா மட்டும்தான். செர்பியாவை நாங்கள் ஒரு கை பார்க்கலாமா என்று கேட்டார்கள். தாராளமாகப் பாருங்கள், ரஷ்யா வந்தாலும் நாங்கள் இருக்கிறோம் என்றார் வில்ஹெல்ம். சரித்திர ஆசிரியர்கள் இதற்கு வைத்த பெயர் பிளாங்க் செக். தொகை எழுதாத காசோலை. பிஸ்மார்க் பார்த்துப் பார்த்து எழுதிய நிபந்தனை அந்த மதிய விருந்தோடு காலி.

அந்தப் பக்கம் மட்டும் ஒழுங்கா? செர்பியாவுக்குப் பின்னால் ரஷ்யா. ரஷ்யாவுக்குப் பின்னால் பிரான்ஸ். அதே ஜூலையில் பிரெஞ்சு அதிபர் புவான்காரே ரஷ்யத் தலைநகருக்கே நேரில் போய் 'கவலைப்படாதீர்கள்' என்று தெம்பு சொல்லிவிட்டு வந்தார். அவர் கப்பல் ஏறும்வரை காத்திருந்து, 23ஆம் தேதி ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியா கிட்டத்தட்ட எல்லா நிபந்தனைகளுக்கும் தலையாட்டியது. அந்தப் பதிலை 28ஆம் தேதி படித்த வில்ஹெல்ம், இனி போருக்கு அவசியமே இல்லை என்று ஓரத்தில் எழுதினார். ஆனால் காசோலைதான் கைமாறிவிட்டதே! அதே நாளில் ஆஸ்திரியா போரை அறிவித்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்களா? நிறுத்தப் பார்த்தார்கள். ரஷ்யச் சக்ரவர்த்தி நிக்கோலஸும் வில்ஹெல்மும் உறவுக்காரர்கள். 'அன்புள்ள நிக்கி', 'அன்புள்ள வில்லி' என்று தந்தி மேல் தந்தி கொடுத்துக்கொண்டார்கள். வில்லியின் தந்தியைப் பார்த்துவிட்டு நிக்கி படை திரட்டும் உத்தரவை ஒரு ராத்திரி ரத்துகூட செய்தார். மறுநாள் தளபதிகளும் அமைச்சர்களும் சேர்ந்து மறுபடி கையெழுத்து வாங்கிவிட்டார்கள். காரணம், ரஷ்யா பெரிய தேசம். படை திரட்ட நாளாகும். தாமதித்தால் ஜெர்மனி முந்திக்கொள்ளும்.

ஜெர்மனிக்கு அதே பயம், தலைகீழாக. மேற்கே பிரான்ஸ், கிழக்கே ரஷ்யா. ரஷ்யா நிதானமாகத் தயாராவதற்குள் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட்டு, ரயிலைத் திருப்பிக் கிழக்கே கொண்டுபோக வேண்டும் என்பது வருஷக்கணக்காகத் தீட்டிய திட்டம். ஆகஸ்ட் 1ஆம் தேதி, பிரிட்டனும் பிரான்ஸும் ஒதுங்கிக்கொள்ளக்கூடும் என்று ஒரு நம்பிக்கை கிளம்பியது. உடனே வில்ஹெல்ம், படையை முழுக்கக் கிழக்கே திருப்பலாமே என்றார். முடியாது என்று கையை விரித்தார் தளபதி மோல்ட்கே. லட்சக்கணக்கான வீரர்களுக்கு ரயில் அட்டவணை போட்டாகிவிட்டது. கடைசி நிமிஷத்தில் மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும்.

சாம்ராஜ்யத்தின் சக்ரவர்த்தி சொல்கிறார், ரயில்வே டைம் டேபிள் கேட்க மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தை யாரும் தொடக்கூடாது என்று 1839இல் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி அன்றே பிரிட்டன் போரில் இறங்கியது. எழுபத்தைந்து வருஷப் பழைய ஜாமீன்! ஒரு நாடு பத்திரத்தை எடுத்துப் பொடி எழுத்துவரை படித்துப் பார்த்தது. இத்தாலி. 'இது தற்காப்பு ஒப்பந்தம், நீங்கள்தான் போய் அடித்திருக்கிறீர்கள், நான் வரமாட்டேன்' என்று ஒதுங்கிக்கொண்டது. புத்திசாலி என்று கைதட்டிவிடாதீர்கள். 1915இல் பேரம் படிந்ததும் எதிரணியில் சேர்ந்து அதுவும் களத்தில் குதித்தது.

நான்கு வருஷம். செத்துப்போன சிப்பாய்கள் மட்டும் சுமார் ஒரு கோடி. ஜெயித்தவர்கள் 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆவது பிரிவில் ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கிக் கணக்கை முடித்தார்கள். முடியவில்லை. ஜெர்மனிதான் முதல் குற்றவாளி என்று ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஃபிஷரே 1961இல் எழுதினார். எல்லோரும்தான் தூக்கத்தில் நடந்தார்கள் என்று 2012இல் கிறிஸ்டோஃபர் கிளார்க் எழுதினார். ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் பங்கு அதிகம் என்பது என் கட்சி. கெடு வைத்தவரும் காசோலை கொடுத்தவரும் அவர்கள்தானே. ஆனால் தூக்கத்தில் நடந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விழித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்கள். கடன் நம் தலையில் விடியாது என்று நம்பினார்கள்.

கணக்குப் பதிவியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். பேலன்ஸ் ஷீட்டில் கடன் வரிசையில் வராது, கீழே பொடி எழுத்தில் குறிப்பாகப் போட்டிருப்பார்கள். முதலாளிகள் அதைப் படிப்பதில்லை. பெரிய கம்பெனிகள் கவிழும்போதுதான் பலருக்கு அந்த வரி கண்ணில் படும்.

அதற்காக யாரும் யாருக்கும் ஜாமீனே நிற்கக்கூடாது என்றும் சொல்லமாட்டேன். 1938இல் செக்கோஸ்லோவாகியாவைக் கைவிட்டதால் ஹிட்லருக்குத் தைரியம் கூடியதே தவிர அமைதி வரவில்லை. நிற்கலாம். ஆனால் ஜாமீன் படிவத்தில் 'எவ்வளவு தொகை வரை' என்று ஒரு கட்டம் இருக்கும். சித்தப்பா அதைக் காலியாக விட்டிருந்தார். நண்பனிடம் போய் எப்படித் தொகை எழுதுவது, மரியாதையாக இருக்காதே என்று நினைத்தாராம்.

இதிலே இன்னொரு கொடுமை உண்டு. சித்தப்பாவாவது தன் கையால் போட்டார். இந்தியாவை யாரும் கேட்கவே இல்லை. பிரிட்டன் போரில் இறங்கிய அந்தக் கணமே இந்தியாவும் இறங்கியதாகக் கணக்கு. பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். 70,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. செர்பியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு நாடுகள் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன என்று பேப்பரில் அடிக்கடி செய்தி வரும். தலைவர்கள் கைகுலுக்கிச் சிரிக்கிற போட்டோ இருக்கும். அடுத்த முறை பார்க்கும்போது, போட்டோவைத் தாண்டி கீழே இருப்பதையும் படியுங்கள். என்ன நடந்தால் யார் வருவார்கள், எதுவரை வருவார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால், அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.