முதற்படியும் கடைசிப்படியும்

ரொறன்ரோவைச் சுற்றி, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும், வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. மாடிப்படியில் கிடக்கும் கார்பெட்டை உரித்துவிட்டு ஓக் பலகை போட வேண்டும். நியாயமான ஆசைதான். கார்பெட் தூசியைக் குடித்துக்கொண்டே கிடக்கும். ஓக்கைத் துடைத்தால் துலங்கும். தேய்ந்தால் இழைத்து மறுபடி மெருகேற்றலாம்.

எங்கள் வீட்டிலும் போட்டோம். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாயிற்று. மரத்தின் நிறத்தைப் பற்றிப் பேசும் பேச்சில் பாதியையாவது படியின் உயரத்தைப் பற்றி நாம் பேச வேண்டும்.

மாடி ஏறும்போது யாரும் ஒவ்வொரு படியையும் பார்த்து ஏறுவதில்லை. முதல் ஓரிரு படிகளிலேயே கால் உயரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அந்த அளவிலேயே எழுகிறது. ஒரு படி சற்றுக் கூடினாலும் பெருவிரல் இடிக்கும். இறங்கும்போது எதிர்பார்த்த இடத்தில் படி இல்லையென்றால் உடம்பு முன்னால் சாயும். அதனால்தான் ஒன்ராறியோ கட்டட விதி, அடுத்தடுத்த இரண்டு படிகளின் உயரத்தில் 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. ஒரு வரிசையின் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே 10 மில்லிமீற்றர்தான் எல்லை.

பழைய படியின் மேலேயே 1 அங்குலப் பலகையை ஒட்டினால் என்ன ஆகும்? நடுப்படிகள் எல்லாம் ஒன்றாக உயர்வதால் அவற்றுக்குள் மாற்றமில்லை. ஆனால் கீழே கூடத்துத் தரை உயரவில்லை, மேல்மாடித் தரையும் உயரவில்லை. ஆகவே முதற்படி 1 அங்குலம் கூடும். கடைசிப்படி 1 அங்குலம் குறையும். இரண்டுக்கும் இடையே சுமார் 50 மில்லிமீற்றர்! படியிலிருந்து பார்த்தால் கைபிடியும் 1 அங்குலம் தாழ்ந்துபோகும். பார்ப்பவர் கண்ணுக்கு இதில் எதுவும் படாது. படி அழகாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு வேலை செய்த தச்சர் விலை சொல்லுமுன்பே எல்லாப் படிகளையும் அளந்தார். “மேலாலை ஒட்டுறது சுகம் அண்ணை. ஆனா வயசு போன ஆக்கள் இருக்கிற வீடு” என்றார். படிக்கட்டின் அடியில் அடித்திருந்த ட்ரைவாலைத் திறந்து, பழைய பலகைகளைக் கழற்றி, அதே கனமுள்ள ஓக்கை அதே மட்டத்தில் பொருத்தினார். கூலி கூடத்தான் ஆயிற்று. கொடுத்த காசு தகும். கழற்ற வழியில்லாத வீடுகளில், மேலே போர்த்துவதற்கென்றே வரும் மெல்லிய பலகைகளை வாங்கி, இரண்டு தரைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மற்றவை சிறு விஷயங்கள். பலகைகளை முன்கூட்டியே வீட்டுக்குள் வைத்து அந்தக் காற்றுக்குப் பழகவிட வேண்டும். குளிர்காலத்து ஹீற்றர் காற்றை உலர்த்த, மரம் அகலத்தில் சுருங்கும். சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம் என்பதால் ஒவ்வொரு படியையும் தனித்தனியே அளந்து அறுக்க வேண்டும்.

வழுக்கல் மட்டும் சிறிதல்ல. எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் மாடியில்லாத வீட்டில் வாழ்ந்தவர். இங்கே காலுறையோடு படியிறங்குகிறார். மினுங்கும் மெருகை நான் வேண்டாம் என்றேன்; படி விளிம்புகளில் வழுக்காத பட்டி ஒட்டச் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் இந்த வேலை நடக்கப்போகிறதா? படிக்கு என்ன விலை என்று கேட்குமுன் இதைக் கேளுங்கள்: வேலை முடிந்தபின் முதற்படி எவ்வளவு உயரம், கடைசிப்படி எவ்வளவு உயரம்? அளந்து பதில் சொல்பவரிடமே வேலையைக் கொடுங்கள்.