கேட்டவர் பெயர்

அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் வம்சத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் 1870-ல் முட்டி நின்றுவிடுகிறார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் ஜனக்கணக்கு அது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் எஜமானுக்குப் பெயர் உண்டு. அவன் பெயருக்குக் கீழே அநேகமாக வயது, பால், நிறம், அவ்வளவே.

இந்தச் சுவரில் ஒரு துவாரம், 1936 முதல் 1938 வரை அரசாங்க எழுத்தாளர் திட்டத்தினர் முன்னாள் அடிமைகளிடம் எடுத்த பேட்டிகள். 2,300-க்கு மேல். பேசியவர்களில் பெரும்பாலோர் எண்பதைக் கடந்தவர்கள்.

இவற்றில் தேட எனக்கு மூதாதை யாரும் இல்லை. பெயரும் ஊரும் பொறுக்கும் அவசரமின்றிப் படித்ததால், கேட்டவர்களும் கண்ணில் பட்டார்கள். 1937-ல் சார்ல்ஸ்டன் நகரில் ஸூஸன் ஹாம்லின் என்ற மூதாட்டியிடம் இருவர் தனித்தனியே பேசியிருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்மணியிடம் எஜமான் நல்லவர் என்கிறார். வந்தவர் நிவாரண அலுவலகத்துக்காரர் என்பது அவர் நினைப்பு. இன்னொருவர் கறுப்பர். அவரிடம் சவுக்கடி வருகிறது. பிள்ளையை விற்றுவிட்டதற்காகத் தாய் போடும் கூக்குரல் வருகிறது. முதல் பேட்டி மட்டும் கிடைத்திருந்தால் ஒரு குடும்பம் திருப்தியான அடிமை ஒருத்தியைப் பாட்டியாக ஏற்றிருக்கும். ஆனால் அதைப் பொய் என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. விடுதலைக்கு எழுபது வருஷத்துக்குப் பிறகும் எதை யாரிடம் சொல்லலாம் என்று எடைபோட வேண்டியிருந்தது. அந்த ஜாக்கிரதையும் வம்ச சரித்திரம்தான்.

எழுத்தில் வந்தவற்றை இன்னொரு கை திருத்தியிருக்கிறது. பேச்சு வழக்கை எப்படி எழுதுவது என்று வாஷிங்டனிலிருந்தே குறிப்புகள் போயின. ஒலிப்பதிவுகள் சொற்பம். 1949-ல் பால்டிமோரில் பதிவான ஃபவுன்டன் ஹியூஸின் குரலைக் கேட்டேன். தன் வயது 101 என்கிறார். தாத்தா தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்தவர் என்கிறார். வம்சம் தேடுகிறவர் குறித்துக்கொள்ளும் வாக்கியம் இதுதான். கிழவரோ கடனில் எதையும் வாங்காதே, காசு சேரும்வரை பொறு என்பதை விஸ்தாரமாகச் சொல்கிறார். விஷயத்தை விட்டு விலகுவதாக முதலில் பட்டது. ஒரு காலத்தில் தானே பிறர் சொத்தாக இருந்த மனிதர், இனி யாருக்கும் தன்மேல் பாத்தியதை இருக்கக் கூடாது என்கிறார். இதைவிட விஷயத்துக்கு நெருக்கமாக என்ன பேச முடியும்?

தாத்தாவைத் தேடிப் போகிறவர் கேட்டவர் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, தாத்தா கேள்விக்குப் பதில் சொல்லாத இடங்களில் நிதானமாக நிற்க வேண்டும்.